இருபத்துநான்கு கதவும் ஒரு போனும்

மார்ச் 4

சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். சமாதானத்துக்கு எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதமாக நாம் பேசவில்லை. இன்னும் ஐந்து வருடம் பேசாவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஒரு காரியம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

உன் மாமாவுக்கு வலது காலில் புண். ஷூவுக்குள் ஒரு சின்ன ஸ்க்ரூ விழுந்து கிடந்திருக்கிறது. மனிதர் அதன் மேலேயே நாள் முழுக்க மிதித்து பஸ் ஓட்டியிருக்கிறார். சர்க்கரை வந்ததிலிருந்து அவருக்கு உள்ளங்காலில் உணர்ச்சி கிடையாது, உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து கழற்றினால் சாக்ஸ் தோலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. "வலிக்கலையா?" என்றேன். "வலிச்சா சொல்ல மாட்டேனா?" என்று என்னையே கேட்கிறார். அது பிரேக் கால். அந்தக் கால் போனால் டெப்போ இல்லை, டெப்போ இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆவது என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

முன்பென்றால் தெருமுனை டிஸ்பென்சரிக்கு நடத்திக் கூட்டிப் போயிருப்பேன். அங்கே கட்டுப் போடுகிற நர்ஸ், நாமெல்லாம் 'கட்டு அம்மா' என்று கூப்பிடுவோமே, அவள் முதலில் குனிந்து புண்ணை மோந்து பார்ப்பாள். பிறகுதான் மருந்தில் கை வைப்பாள். இப்போது அந்த ஷட்டரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கறுப்புக் கட்டமாக ஏதோ படம். அதைப் போனால் படம் பிடித்தால் டாக்டர் வருவாராம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலிலேயே காவலாளி, "வீடியோ டாக்டர் கொடுத்த சீட்டு இருக்கா?" என்றான். இல்லை என்றதும் அதே கறுப்புக் கட்டத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டான்.

நீ அந்த வீடியோ டாக்டர் அலுவலகத்தில்தானே பதிவு மேசையில் உட்கார்ந்திருக்கிறாய். ஒரு டாக்டர் நேரில் பார்க்க ஒரு சீட்டு போட்டுக் கொடு. இதுதான் காரியம்.

டிஸ்பென்சரியை மூடின அன்றைக்கு எங்கள் கட்டடத்துப் பெண்கள் எட்டுப் பேரோடு உன் அலுவலகத்துக்கு வந்தேன். நீ இறங்கி வந்தாய். என் முகத்தைப் பார்த்து, "சொல்லுங்க மேடம், என்ன விஷயமா வந்திருக்கீங்க?" என்றாய். கூடப் பிறந்தவளை மேடம் ஆக்கினவள் நீ. அதை நான் மறந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

எங்கள் மாடித் தையல்காரர் போனுக்குக் கூப்பிடாதே. அதில் காதில் வைத்துக் கேட்கிற இடம் செத்துப்போய்விட்டது. ஸ்பீக்கரில்தான் பேச முடியும், வராந்தா முழுக்கக் கேட்கும். கடிதம் எழுது.

அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன், படிக்கிற வரைக்கும். மாமாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? காய்ச்சல் இருக்கிறதா? புண்ணில் தண்ணீர் படவிடாதே.

நேரில் பார்க்கிற சீட்டை நான் போட முடியாது. வீடியோவில் பார்க்கிற டாக்டர் 'நேரில் வரவும்' என்று குறித்தால்தான் என் மேசைக்கே அது வரும். நான் செய்வது பெயர், வயது, விலாசம் சரிபார்ப்பது மட்டும். ஒருத்தருக்கு மட்டும் முன்னால் தள்ளிவிட்டால் கம்ப்யூட்டரில் என் பெயரோடு நிற்கும். கோபப்படாதே, இதுதான் உண்மை.

ஆனால் வழி இருக்கிறது. தையல்காரர் போனிலேயே மாமா பெயரைப் பதிவு செய். தனித் தாளில் குறித்து வைத்திருக்கிறேன், படிப்படியாக. காலை எட்டு மணிக்கு வரிசை திறக்கும். எட்டு ஐந்துக்குள் அமுக்கிவிடு. வெளிச்சம் நன்றாக இருக்கிற இடத்தில் நில். காலைக் காட்டும்போது போனை அசைக்காதே. டாக்டர் கேட்பதற்கு மட்டும் பதில் சொல், கதை சொல்லாதே, ஒரு ஆளுக்கு நான்கு நிமிடம்தான் அவர்களுக்கு.

அன்றைக்கு 'மேடம்' என்றது தப்புதான். பக்கத்தில் கண்ணாடிக்காரர் நின்றுகொண்டிருந்தார், என் மேலதிகாரி. அதற்கு மேல் இப்போது எழுத வரவில்லை.

உன் தங்கை

*

மார்ச் 22

சின்னவளுக்கு,

நான்கு நிமிட டாக்டரைப் பார்த்தாயிற்று. கதையைக் கேள். டாக்டருக்குத்தான் கதை சொல்லக் கூடாது, உனக்குச் சொல்லலாம் இல்லையா?

எங்கள் கட்டடத்தில் அறைக்குள் சிக்னல் வராது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு முழ இடத்தில்தான் வரும். புண்ணோடு ஒரு மனிதரை அங்கே ஏற்றினேன். எட்டு மணிக்கு அமுக்கினோம், நாற்பத்து மூன்றாவது நம்பர் வந்தது. இரண்டு நாள் சார்ஜ் தீர்ந்துபோனது. மூன்றாம் நாள் எங்கள் நம்பர் வரப்போகிற நேரத்தில் தையல்காரருக்கு ஒரு வாடிக்கையாளர் போன் போட்டு, ஜாக்கெட் கை இறுக்குகிறது என்று சண்டை. வரிசை போய்விட்டது. அந்த மனிதரை என்ன சொல்வது, அவர் பிழைப்பே அந்தப் போனில்தான் இருக்கிறது. அதில் இருபத்துநான்கு வீட்டு நோயும் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் லாண்டிரியில் நான்கு காலை லேட். மேஸ்திரி என்னை இஸ்திரி மேசையிலிருந்து எடுத்து ஈரத்துணி உதறுகிற இடத்தில் போட்டுவிட்டான்.

ஐந்தாம் நாள் கிடைத்தது. சின்னப் பெண் டாக்டர். நல்ல மாதிரிதான், தூங்காத முகம். மாமா தொட்டி விளிம்பில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார், தையல்காரர் போனைப் பிடிக்கிறார், நான் மாமாவைப் பிடிக்கிறேன், துணி காயப்போட வந்த நான்கு பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

"கேமராவைத் துடைங்க."

"தொடச்சிட்டோம்மா, அது கீறல்."

"இன்னும் கிட்ட கொண்டுவாங்க. ரொம்ப கிட்ட. கொஞ்சம் தள்ளி. சரி. காய்ஞ்ச மாதிரிதான் தெரியுது. இப்போ போடுற களிம்பையே போடுங்க, ரெண்டு வாரம் கழிச்சுப் பார்ப்போம்."

"நாத்தம் வருதும்மா," என்றேன்.

"என்ன வருது? கட் ஆகுது, திரும்பச் சொல்லுங்க."

"நாத்தம்மா, நாத்தம்!" என்று கத்தினேன். பக்கத்து மாடிக்காரன் வரைக்கும் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை. நான்கு நிமிடம் முடிந்துவிட்டது.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஷட்டரில் இன்னொரு தாளும் ஒட்டியிருக்கிறது, சின்ன எழுத்தில். மாமாதான் நின்று படித்தார். 'கணக்கெடுப்பின்படி இக்கட்டடத்தில் எல்லா வீடுகளிலும் ஸ்மார்ட் போன் இருப்பதால்' என்று ஆரம்பிக்கிறது. அந்தக் கணக்கெடுப்பு நீ எடுத்தது.

அன்றைக்கு நடந்ததை உனக்குச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வாரம் நீ சாப்பிட வந்தபோது அழுதாய் அல்லவா? 'போன் இல்லை'ன்னு நிறைய வந்தா கண்ணாடிக்காரர் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்பார், ஒப்பந்தம் முடிகிறது, நிரந்தரமாக்க மாட்டார்கள் என்று. நீ போன பிறகு நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "என் தங்கச்சி வர்றா. போனைக் கண்ணால பார்த்தாத்தான் குறிப்பாளாம். எல்லாரும் இருக்குன்னு காட்டுங்க." தையல்காரர் போனை வாங்கினோம். நீ ஒரு கதவில் குறித்துக்கொண்டிருக்கும்போது அது பின்பக்க பால்கனி வழியாக அடுத்த வீட்டுக்குக் கைமாறும். மாடி மாறும்போது பையில் போட்டுக் கயிற்றில் மேலே இழுத்தோம். அத்தனை பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. போன் இருந்தால் கூடுதலாக ஏதோ வசதி வரும் என்றுதான் நினைத்தோம். உள்ளதைப் பிடுங்குவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

மாமா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "இல்லாததை ஏன்டி இருக்குன்னு சொல்றே?" என்றார். "என் தங்கச்சி வேலை, நீங்க வாயை மூடுங்க," என்று அடக்கினேன்.

உன் மேல் தப்பில்லை, உனக்குத் தெரியாது. நாங்கள்தான் ஏமாற்றினோம். அதை அப்படியே உன் ஆபீசில் எழுதிக் கொடு. கட்டடத்துக்காரர்கள் பொய் சொன்னார்கள், உண்மையில் ஒரே போன்தான் என்று எழுது. திட்டினால் எங்களைத் திட்டட்டும். கட்டு அம்மா வந்தால் போதும்.

அக்கா

*

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

எழுதிக் கொடுப்பது நீ நினைக்கிற மாதிரி சுலபமில்லை. அந்தப் பட்டியலில் கீழே என் கையெழுத்து இருக்கிறது. 'நேரில் பார்த்து உறுதி செய்தேன்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே. அந்தப் பட்டியலை வைத்துத்தான் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. இப்போது தப்பு என்று எழுதினால் நான் பார்க்காமலே குறித்தேன் என்று ஆகும். கொஞ்சம் பொறு. மாமாவுக்கு வேறு வழி பார்க்கிறேன்.

ஒரு காரியம் செய்திருக்கிறேன். என்னுடைய பழைய போனை இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். கேமரா நன்றாக இருக்கும், கீறல் கிடையாது. சிம் போட்டிருக்கிறேன். அடுத்த தடவை இதில் காட்டு. நான் எழுதிக் கொடுப்பதைவிட இது சீக்கிரம் உதவும்.

காலைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல். டியூட்டிக்குப் போகவிடாதே.

உன் தங்கை

*

ஏப்ரல் 6

சின்னவளே,

பார்சல் வந்தது. வந்த அன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டு வாங்கவில்லை, தையல்காரர்தான் வாங்கி வைத்தார். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

டியூட்டிக்குப் போகவிடாதே என்று எழுதியிருக்கிறாய். விடாமல் இருந்தேன், நான்கு வாரம். அதற்கு மேல் லீவு போட்டால் வேறு டிரைவரை அந்த ரூட்டில் போடுவோம் என்று டெப்போவில் சொன்னார்கள். மனிதர் காலுக்குத் துணியைச் சுற்றி, ஷூவின் வாயைக் கத்தியால் பிளந்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்றாவது டிரிப்பில் ஸ்டாப்பிங்கில் பஸ் நிற்கவில்லை. கால் பிரேக்கில் இருக்கிறது என்று நினைத்தாராம், அது வழுக்கி ஓரத்தில் இருந்திருக்கிறது. முன்னால் நின்ற தள்ளுவண்டியை முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை, நல்ல காலம். கண்டக்டர் ஓடிவந்து பார்த்தால் ஷூவிலிருந்து ரத்தம் வழிகிறது. அவருக்கு அது கூடத் தெரியவில்லை, "வண்டிக்காரனுக்கு என்ன ஆச்சு, பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஆம்புலன்சில் போனதால் வாசலில் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. ரத்தம் கொட்டினால்தான் மரியாதை போலிருக்கிறது.

அங்கே பெரிய டாக்டர் கட்டைப் பிரித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு வாரமாக நான் சொல்லிக்கொண்டிருந்த நாற்றம் ஒரு வழியாக ஒரு டாக்டர் மூக்கில் ஏறியது. "ஏம்மா, இவ்வளவு நாள் யார்கிட்டயும் காட்டாம என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்.

"காட்டினோம் சார். மொட்டை மாடியில நின்னு காட்டினோம்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு விரல் கறுத்துவிட்டது. அதோடு நிற்குமா என்று நாளைக்குச் சொல்வார்களாம்.

அவரைப் போல இந்தக் கட்டடத்தில் சர்க்கரைக்காரர்கள் ஒன்பது பேர் இருக்கிறார்கள். தையல்காரர் மனைவிக்கும் போன வாரம் குதிகால் வெடித்திருக்கிறது. எழுதிக் கொடுடி. உன் காலில் விழ வேண்டுமா? விழுகிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 12

அக்கா,

எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் வைத்திருக்கிறேன். ஆனால் அதில் கட்டடத்துக்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று எழுதவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன், நடுவில் நிறுத்தாமல் படி.

எனக்குத் தெரியும்.

தையல்காரர் போனின் முதுகு உடைந்து, அதில் நீலக் கட்டம் போட்ட சட்டைத்துணியை வெட்டி ஒட்டியிருந்தார். முதல் வீட்டில் பார்த்து, நல்லாயிருக்கே என்று நினைத்தேன். இரண்டாம் வீட்டிலும் நீலக் கட்டம். ஒருவேளை கட்டடம் முழுக்க அவரே ஒட்டிக் கொடுத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்காவது வீட்டில் ஒரு மூலையில் பிரிந்திருந்த நூலைப் பார்த்தேன். அதே நூல். ஏழாவது வீட்டில் அந்தப் போன் சூடாக இருந்தது, இரண்டாம் மாடியில் ஈரக் கையோடு யாரோ நீட்டினார்கள், துணி நனைந்திருந்தது. உன் வீடு கடைசி. நீ அதை நீட்டியபோது உனக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு. நான் உன் கண்ணைப் பார்க்காமல் 'உண்டு' என்று அமுக்கினேன். இருபத்துநான்கு தடவை அமுக்கினேன் அக்கா.

அப்போது டிஸ்பென்சரியை மூடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் மூடுவதற்குப் பதினைந்து நாள் முன்னால், மூடப்போகிற டிஸ்பென்சரிகளின் பட்டியல் என் மேசை வழியாகத்தான் போனது. அப்போது சொல்லியிருக்கலாம். நிரந்தர உத்தரவு அந்த வாரம் கையெழுத்தாக இருந்தது. சொல்லவில்லை.

நீ எட்டுப் பேரோடு வந்த அன்றைக்கு, நீ வாயைத் திறந்து "ஒரே போன்தான்" என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். அதனால்தான் மேடம் என்றேன். யாரோ மாதிரிப் பேசினால் நீ கோபித்துக்கொண்டு திரும்பிவிடுவாய் என்று தெரியும். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

மாமாவைப் பார்க்க வரட்டுமா? நீ சொன்னால்தான் வருவேன்.

தங்கை

*

மே 3

சின்னவளுக்கு,

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முதலில் இரண்டு விரல், பிறகு பாதம், பிறகு அது. மூன்று தடவையும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்தாயிற்று. மூன்று மாடி, டெப்போ ஆட்கள் நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள்.

உன் கடிதம் வந்தபோது நான் வார்டு வராந்தாவில் இருந்தேன். படித்துவிட்டு அங்கேயே வாந்தி எடுத்தேன். பக்கத்துப் படுக்கைக்காரர் மனைவி, சாப்பாடு ஒத்துக்கலையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நாங்கள் உனக்காகப் பொய் சொன்னோம். கயிற்றில் பை கட்டி, சின்னக் குழந்தைகள் மாதிரி ஓடி ஓடி. நீ ஒரு கதவிலாவது சிரித்துவிட்டு, "போதும் அக்கா, இது அந்தப் போன்தானே" என்று சொல்லியிருக்கக் கூடாதா? நான் வெட்கப்பட்டிருப்பேன், அவ்வளவுதானே. இருபத்துநான்கு வீட்டுக்காரர்களையும் நான்தான் கிளப்பிவிட்டேன். இப்போது படியில் ஏறும்போது ஒவ்வொரு கதவும் என்னைப் பார்க்கிறது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சொன்னால்கூட தேவலை.

டெப்போவில் வலது கால் இல்லாதவருக்கு என்ன வேலை? டிக்கெட் கட்டு எண்ணுகிற அறையில் உட்கார வைக்கலாம், யோசிக்கிறோம் என்கிறார்கள். யோசிக்கட்டும்.

அவர் உன்னைக் கேட்கிறார். "சின்னது வரலையா?" என்கிறார். நான் எதையும் சொல்லவில்லை, அவர் உன்னை நல்லவள் என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும். நீ வராதே. நீ வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

அக்கா

*

ஜூன் 15

அக்காவுக்கு,

வரவில்லை. வாசல்வரை ஒரு நாள் வந்தேன், தையல்காரர் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பிவிட்டேன்.

என்னை விசாரித்தார்கள். கண்ணாடிக்காரர் எனக்கு எதிரே உட்கார்ந்து, "எங்க யாருக்குமே இது தெரியாது, இல்லையா?" என்று கேட்டார். நிரந்தர உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். இந்த மாதத்தோடு வேலை இல்லை. உன்னிடம் இரக்கம் கேட்டு இதை எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. உங்கள் கட்டடத்தை மட்டும் மறுபடி கணக்கெடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஜூலை முதல் வாரம் ஆள் வரும். விதி இதுதான்: இருபத்துநான்கு வீட்டில் ஏழு வீட்டிலாவது போன் இல்லை என்றால், டிஸ்பென்சரியில் கட்டு அறையை வாரம் மூன்று நாள் திறக்க வேண்டும். நர்ஸ் உண்டு. ஆறு வீடு என்றால் கிடையாது. உத்தரவை நானே படித்தேன்.

எல்லாரிடமும் சொல். இல்லாதவர்கள் இல்லை என்று சொல்லட்டும், அவ்வளவு போதும். வெட்கப்பட வேண்டாம்.

நான் அனுப்பின போனை மட்டும் எங்கேயாவது ஒளித்து வை. அது உன் பெயரில் இல்லை, அறைக்குள் சிக்னலும் வராது, அது இருந்தும் இல்லாத மாதிரிதான். தயவுசெய்து ஒளித்து வை.

தங்கை

*

ஜூலை 6

சின்னவளுக்கு,

நேற்று கணக்கெடுக்க வந்தார்கள். கேட்பதற்கு முன்னால் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்.

உன் கடிதம் வந்ததும் வீடு வீடாகப் போனேன், இரண்டாம் தடவை. கதவைத் தட்டவே கை வரவில்லை, போனேன். தெரிந்துகொண்டது என்னவென்றால், பதினேழு வீட்டில் இப்போது நிஜமாகவே போன் இருக்கிறது. டிஸ்பென்சரி மூடினதால் வாங்கியிருக்கிறார்கள். ஒருத்தி தோட்டை விற்று, ஒருத்தன் தவணையில். "என்ன பண்ண, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா டாக்டர் அதுக்குள்ளதானே இருக்காரு," என்கிறார்கள். அவர்களைப் பொய் சொல்லச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு தடவை சொன்னது போதாதா? மிச்சம் ஏழு. எங்களைச் சேர்த்து ஏழு. சரியாகப் போதும்.

போனைத் துணிப் பெட்டியில் அடியில் வைத்து மேலே மாமாவின் யூனிபார்மை மடித்து வைத்தேன்.

ஒரு பெண்தான் வந்தாள், தனியாக. இருபத்திரண்டு வயது இருக்கும். கழுத்தில் அட்டை, கையில் தொட்டுக் குறிக்கிற அந்தக் கம்ப்யூட்டர் பலகை, செருப்பு அறுந்து ஊக்குக் குத்தியிருந்தாள். எங்கள் வீடு கடைசி. அதற்குள் ஆறு 'இல்லை' ஆகியிருந்தது, தையல்காரர் எண்ணிக்கொண்டே வந்தார்.

"ஸ்மார்ட் போன் இருக்காங்க?"

"இல்லை," என்றேன். தெளிவாகத்தான் சொன்னேன்.

கட்டிலிலிருந்து உன் மாமா குரல் கொடுத்தார். "இருக்கும்மா. போன் இருக்கு. கால்தான் ஒண்ணு குறையுது. அதைக் குறிக்க உன் பலகையில இடம் இருக்கா, பாரு."

அவர் உத்தரவைப் பற்றி ஒன்றும் அறியார். நான்தான் சொல்லவில்லை. சொன்னால் உன் கதையைச் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும் என்று மறைத்தேன். அந்தப் பெண் அவர் காலைப் பார்த்தாள், பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். நான் பெட்டியைத் திறந்து போனை எடுத்துக் காட்டினேன். "இது எங்களோடதில்லைம்மா. ரூமுக்குள்ள சிக்னல் வராது. இவரால மாடி ஏற முடியாது. இல்லைன்னே போடு," என்றேன்.

அவள் பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "போனைப் பார்த்துட்டு இல்லைன்னு போட்டா காரணம் எழுதணும்க்கா. போட்டோ எடுக்கணும், மேல இருக்கிறவர் வந்து பார்ப்பாரு. இதுக்கு முன்னாடி இங்க எடுத்தவங்களை வேலையை விட்டே தூக்கிட்டாங்களாம். எனக்கு இந்த மாசம் ஒப்பந்தம் முடியுது." பலகையை என் பக்கம் திருப்பினாள். "அக்கா, உண்டுன்னே போட்டுக்கட்டுமா?"

நான் அவளைப் பார்த்தேன். தையல்காரர் வாசலில் நின்று தலையை ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று. அவர் மனைவி குதிகாலில் துணி சுற்றிக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றாள். எல்லாம் தெரிந்துதான் நின்றுகொண்டிருந்தேன், சின்னவளே. ஏழா ஆறா என்று தெரியும்.

"போடும்மா," என்றேன்.

அவள் போட்டாள். "ரொம்ப நன்றிக்கா," என்று சொல்லிவிட்டு மூன்று மாடியும் ஓட்டமாக இறங்கிப் போனாள்.

தையல்காரர் திரும்பி நடந்தார். பிறகு எல்லாவற்றையும் மாமாவிடம் சொன்னேன். நீலக் கட்டம், உத்தரவு, ஏழு, ஆறு, நீ, எல்லாம். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "இந்தத் தடவை யாருக்காகடி?"

அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

இனி உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தமில்லை, திட்ட வாயில்லை, அவ்வளவுதான். தினமும் காலையில் நானே அவருக்குக் கட்டுப் பிரிக்கிறேன். கட்டு அம்மா மாதிரிக் குனிந்து மோந்து பார்க்கிறேன். இன்றைக்கு நாற்றம் இல்லை. தையல்காரர் மனைவிக்கும் பார்க்கலாம் என்று போனேன், கதவைத் திறக்கவில்லை.

உனக்கு வேலையில்லை, கை சும்மாதான் இருக்கும். வா. வரும்போது கட்டுத்துணி நான்கு சுருள் வாங்கி வா, இங்கே தீர்ந்துவிட்டது.

அக்கா